இரண்டு பேனருக்கு ஒரு அப்பா

செத்துப்போனவர் வாழ்நாளில் சொன்ன பொன்னான வார்த்தைக்கு ஜகபர் சாதிக் கடையில் முன்னூற்றைம்பது ரூபாய். பேனருக்குச் சதுர அடிக் கணக்கு தனி, சவுக்குக் கட்டைச் சட்டம் தனி, ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டுகிற கூலி தனி. வார்த்தைக்கு மட்டும் அளவு கிடையாது. நீளமோ குட்டையோ ஒரே விலை.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருந்தது கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடித்தாலும் ஜகபரின் பெயர் பரவியது கண்ணீர் அஞ்சலியில்தான். ஒருமுறை வளவனூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்தபோது, பேனரில் போட்டோவுக்குக் கீழே ஒரு முழம் காலியாக நின்றது. வெள்ளையாக விட்டால் மையை மிச்சம் பிடித்துவிட்டான் என்பார்கள். அந்த இடத்தில் 'ஐயா அடிக்கடி சொல்வது' என்று போட்டு, பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியைத் தானாகவே எழுதி நிரப்பினார். ஐயா அப்படிச் சொல்லிக் கேட்டவர் உலகத்தில் யாருமில்லை. ஆனால் சாவுக்கு வந்த பழைய மாணவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, ஆமாம், எங்க கிளாஸில்கூடச் சொல்லியிருக்காரு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த ஒரு முழத்துக்கு மவுசு வந்துவிட்டது.

வருகிறவர்களிடம் ஜகபர் முதலில் கேட்பார்: "உங்கப்பா எதுனா சொல்லுவாருங்களா?" யோசிப்பார்கள். பெற்றவரின் பேச்சைத் தேடினால் அவர்கள் கையில் அகப்படுவது கேட்டைச் சாத்து, கரண்டு பில்லு கட்டினியா, ரசத்தில் உப்பு இல்லை. அதைப் பேனரில் போட முடியாது. "நல்லதா நீங்களே ஒண்ணு போட்டுடுங்க பாய்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கடையை விட்டு இறங்கும்போது எல்லோருக்கும் ஒரே கூச்சம்: மற்ற வீட்டு அப்பாக்களெல்லாம் பேசியிருக்கிறார்கள், நம் அப்பாதான் வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவனவனுக்குத் தன் வீட்டு வாசகம் மட்டும் கடையில் வாங்கியது. அடுத்த வீட்டுடையது அசல். இந்தக் கூச்சம்தான் ஜகபருக்குக் கைமுதல்.

அவருடைய அத்தா சந்தையில் போர்வை விற்றவர். வாங்க வந்தவர் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தோளில் போர்த்திவிட்டுத்தான் விலை சொல்வார். போர்த்தியதைக் கழற்றிக் கொடுக்க மனுஷனுக்கு வெட்கமாக இருக்கும், அந்த வெட்கத்தில்தான் நம் சோறு என்பது அவர் மகனுக்குக் கொடுத்த பாடம். மகன் துணியை விட்டுவிட்டுச் சொல்லைப் போர்த்தக் கற்றுக்கொண்டார்.

வரிகள் பேனரோடு நிற்கவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறின. திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் யாரோ ஒரு கண்டக்டர், சில்லறைத் தகராறில் ஜகபரின் வரி ஒன்றை எடுத்துவிட, பஸ்ஸே தலையாட்டியதாம். கேட்டபோது ஜகபருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திருவாமாத்தூருக்கு அடுத்த ஊரிலிருந்து ஜெகதீசன் வந்தபோது அவர் வேட்டியில் வயல் சேறு காயவில்லை. விழுப்புரத்தில் பேனர் கடை இல்லாமலில்லை. வாசகம் வேண்டுமென்றால் திண்டிவனம் பாய்தான் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"அப்பா பேரு தாண்டவராயன். கரும்பு, மல்லாட்டைன்னு பயிரு போட்டுக்கினு இருந்தவருங்க. விடியக்காலையில பூட்டாரு. தம்பி ஷார்ஜாவுல கீறான், அவன் வர வரைக்கும் ஐஸ் பெட்டில வெச்சிருக்குறோம்."

"எதுனா சொல்லுவாரா?"

"மோட்டார ஆஃப் பண்ணியான்னு கேப்பாரு."

"அது கேள்விங்க. எனக்கு வாசகம் வேணும்."

ஜெகதீசன் வெகுநேரம் யோசித்தார். "அவ்ளோதான் பாய். கேட்டதுக்கு நான் பண்ணிட்டேம்பேன். அவரு சரிம்பாரு. ரெண்டு பேரும் ஒரே நெலத்துல இத்தன வருஷம். வேற பேச்சு வந்ததில்ல."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷமீம் திரும்பிப் பார்த்தாள். ஜகபரின் மனைவி, கடையில் டைப் அடிப்பதும் படம் வெட்டி ஒட்டுவதும் அவள் வேலை. ஜகபர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி சொன்னார், அவள் அடித்தாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'என் நிலம் என் பெரியவன் கையில் இருக்கிறது. எனக்கு ஏது சாவு?'

ஜெகதீசன் வாய்க்குள் ஒருமுறை படித்தார். மறுமுறை படிக்கும்போது உதடு கோணியது.

"நெசமாவே சொன்னாப்புல கீது பாய்."

"சொல்லியிருப்பாருங்க. உங்களாண்ட வெளிய காட்டிக்கல, அவ்ளோதான்."

"முன்னூறு வெச்சிக்கோங்களேன். சாவு வூடு."

"சாவு வூடுன்னுதான் முன்னூத்தம்பது. கல்யாண வூடா இருந்தா ஐநூறுல்ல கேட்டிருப்பேன்."

முழுத்தொகையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம், விமான நிலையத்திலிருந்து வந்த கார் ஒன்று கடை வாசலில் நின்றது. இறங்கியவன் தூங்காத கண்ணோடு செல்போனை நீட்டினான். திரையில் அதே தாண்டவராயன், அதே பச்சைக் கரைத் துண்டு, நேற்று ஜெகதீசன் கொடுத்த அதே போட்டோ. வந்தவன் இளையவன், இனியவன்.

"அர்ஜென்ட்டுங்க. சாயந்தரம் எடுத்துடுவாங்க. தெரு முனையில என் பேருல ஒண்ணு இருக்கணும். இத்தன வருஷமா ஊர்ல இல்லாதவன், பேனர்லகூட இல்லன்னா நல்லா இருக்காது."

உங்கள் அண்ணன் நேற்றே வந்தார், ஒரு வாசகம் வாங்கிப் போனார் என்று ஜகபர் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அவசரம் என்று வருகிறவனிடம் விலையைத் தவிர வேறு பேச்சு எடுக்காத வாய் அது.

"அப்பா உங்களாண்ட எதுனா சொல்லுவாருங்களா?"

"போன்ல என்னங்க பேசுவாரு? சாப்டியாம்பாரு. அண்ணனப் பத்திச் சொல்லுவாரு, மாட்டப் பத்திச் சொல்லுவாரு. அப்பறம் வெச்சிடுவாரு." இனியவன் தெருவைப் பார்த்தான். "நெலத்துல போர்வெல் என் காசுல போட்டதுங்க. அதப் பத்திக்கூட ஒரு வார்த்த சொன்னதில்ல."

போதும், ஜகபருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. 'கடல் தாண்டிப் போன பிள்ளைதான் என் போர்வெல்லில் தண்ணீர் கொண்டுவந்தான்' என்றார். ஷமீம் அடித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"போர்வெல்லுன்னு போட்டா பைப்புக் கடை விளம்பரமாட்டம் கீதுங்க. கிணறுன்னு மாத்தட்டுமா?"

மாற்றினாள். இனியவன் அதைப் படித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். வாசகத்துக்கு மட்டும் எண்ணூறு ரூபாய் கேட்டார் ஜகபர். ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை.

கார் போனதும் ஷமீம் நாற்காலியைத் திருப்பினாள். "இன்னாங்க இது? ஒரே ஆளு, ஒரே துண்டு. நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா?"

"மனுஷன் அவ்ளோ வயசு வாழ்ந்திருக்காரு. ரெண்டு வாக்கியம் பேசியிருக்க மாட்டாரா?"

"பேசியிருந்தா பசங்க ஏன் உங்களாண்ட வராங்க?"

ஜகபர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு பேனரும் ஒரே தெருவின் இரண்டு கோடியில் நின்றன. சாவுக்கு வந்து போனவர்கள் இரண்டையும் படம் பிடித்துச் சேர்த்தே அனுப்பினார்கள். அடுத்த சில நாளில் வளவனூர் டீக்கடையிலிருந்து விழுப்புரம் மார்க்கெட் வரைக்கும் தாண்டவராயன் சொன்னதற்குப் பொருள் சொல்லாத ஆளில்லை. நிலம் பெரியவன் கையில் என்றால் அது எழுதாத உயில் என்றது ஒரு கட்சி. தண்ணீர் கொண்டுவந்தவன் யாரோ அவனுக்குத்தான் மண் என்றது இன்னொரு கட்சி. பேனர் வாங்க வந்தவர்கள் கடையிலேயே நின்று சண்டை போட்டார்கள். செலவில்லாத விளம்பரம் என்று ஜகபர் பல்லைக் குத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதிக்கு முதல் நாள் ஜெகதீசன் போன் செய்தார்.

"பாய், நாளைக்கு வந்து என் பேனர மட்டும் கழட்டிக்கினு பூடுங்க."

"ஏங்க, சாயம் கீயம் பூடுச்சா?"

"இல்ல. தம்பி பேனருக்கு எதுத்தாப்புல அது நிக்கக் கூடாது. அவன்து அப்பா சொன்னது. என்து உங்க கடையில வாங்கினது. பாக்கப் பாக்கக் கூசுது பாய்."

ஜகபர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மாட்டுக் கொட்டாயில நின்னுக்கினுதான் அவனாண்ட போன் பேசுவாரு. நான் போனா நிறுத்திடுவாரு. இதான் பேசியிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது. என்னாண்ட பேசினது எல்லாம் மோட்டாரு. நான் நெலத்துக்கு ஆளு, அவன்தான் மவன். நாளைக்கு அவனே உக்காந்து காரியம் பண்ணட்டும். நான் உக்கார மாட்டேன்."

அதுவும் என் கடைச் சரக்குதாங்க என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? "காலையில வர்றேங்க" என்று வைத்துவிட்டார்.

ஷமீம் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "திரும்பப் போன் போட்டுச் சொல்லிடுங்க."

"சொன்னா அந்த ஒரு வூட்டோட நிக்குமா? வளவனூர் வாத்தியாரு பொய்யி, மயிலம் மாமியாரு பொய்யி, செஞ்சி ரோட்டுல அந்த மில்லுக்காரரு பொய்யின்னு எல்லா வூட்லயும் பேனரத் தூக்கிக்கினு வருவாங்க."

"அதுக்கு? பெத்தவருக்குப் புள்ள காரியம் பண்ணாமப் பூடணுமா?"

அன்றைக்கு அவர் தட்டில் போட்ட பிரியாணி அப்படியே இருந்தது. ஷமீம் வேண்டுமா என்றும் கேட்கவில்லை, எடுக்கவுமில்லை.

விடியற்காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, இறங்கிய இடத்தில் ஏணி ஒன்றை இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஜகபர் ஊருக்குள் நுழைந்தபோது கூத்து முடிகிற நேரம். அந்தப் பக்கம் கருமாதிக்குக் கூத்து வைப்பது வழக்கம். பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது, டியூப்லைட் வெளிச்சம் சோர்ந்திருந்தது. தெரு நடுவில் மரக்கிரீடம் சாய்ந்த இரண்டு பேர் செத்துக் கிடக்க, ராணி வேஷக்காரர் இருவருக்கும் நடுவில் நின்று மாரடித்துப் பாடினார். பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் ஜகபர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னா கதைங்க?"

"தெரியாதா? ராஜா சண்டையில அடிபட்டுக் கெடப்பான். பசங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் கூடாரம் போட்டுக்கினு இருப்பானுங்க. தூதன் ஓடியாந்து, பசங்களுக்கு இன்னா சொல்லட்டும் சாமின்னு கேப்பான். தண்ணின்னுவான் ராஜா. மறுக்காவும் கேப்பான். தண்ணின்னுவான். செத்துப் பூடுவான். அம்மாம் பெரிய ராஜா, கடைசியா கேட்டது தண்ணின்னு போய்ச் சொல்ல இவனுக்கு வெக்கம். பெரியவனாண்ட போயி முடி உனக்குன்னாருன்னுவான். அவன் கங்கணத்தக் கழட்டிக் குடுப்பான். சின்னவனாண்ட போயி படை உனக்குன்னாருன்னுவான். அவனும் கழட்டிக் குடுப்பான். அப்பறம் இன்னா? ரெண்டும் அடிச்சிக்கினு செத்துச்சுங்க." அவள் புகையிலையைத் துப்பினாள். "அந்தத் தூதன் நாக்கு அழுவிப் போவ."

"கடைசியில அவன இன்னா பண்ணுவாங்க?"

"இன்னா பண்றது? வேற ராஜாவாண்ட வேலைக்குப் பூடுவான்."

ஜகபர் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

தூதன் வேஷம் கட்டியிருந்தவர் கட்டியங்காரன்தான், குழுவின் கோமாளி. ராணி பாட்டு முடிந்ததும் இரண்டு கையிலும் கங்கணத்தைக் குலுக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். தூங்கிவழிகிற கூட்டத்தை எழுப்ப, தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் கையைக் காட்டினார்.

"எங்க ராஜா கஞ்சன்டா! தண்ணின்னு ஒரே வார்த்தையில செத்தான். இந்த ஊரு ராஜாவப் பாருங்க, அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு, கலர்ல பேசிட்டுப் போயிருக்காரு!"

சிரிப்பு எழுந்தது. அவர் இரண்டு பேனரையும் இழுத்து இழுத்துப் படித்தார்.

"பெரியவரே! நெலம் உன்னுதுன்னுட்டாரு. தண்ணி இல்லாத நெலத்துல இன்னா பண்ணுவ, கபடி ஆடுவியா? சின்னவரே! தண்ணி உன்னுதுன்னுட்டாரு. நெலம் இல்லாம தண்ணிய எங்க ஊத்துவ, ஷார்ஜாவுல ஒட்டகத்துக்கா? எங்க ராஜாவுக்கு வாய்ச்ச தூதன் திருட்டுப் பய, நான்தான். உங்கப்பாவுக்குத் தூதன் எவனும் தேவப்படல, தானே சொல்லிட்டாரு. வேணும்னேதான்டா பாதியக் கிழிச்சு அவன்கிட்ட, பாதிய இவன்கிட்ட குடுத்துருக்காரு. ஒட்ட வெச்சுப் படிங்கடா!"

கூட்டம் கை தட்டியது. "எங்க தாண்டவராயன் மாமா அப்படியாப்பட்ட ஆளுதான்" என்று போர்வை அம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஜகபருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. இப்படி ஒரு பொருள் தன் சரக்கில் இருந்தது அவருக்கே தெரியாது. யாரோ ஒருவன் வேஷம் கலைக்காமல் வந்து காப்பாற்றிவிட்டான். தான் வாயைத் திறக்காமலே தப்பித்துவிடலாம். பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

கூட்டத்தில் சிரிக்காத ஆள் இரண்டே பேர்தான். ஒருவர் மாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். இன்னொருவன் கார் டிக்கியில் சூட்கேசை ஏற்றிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியதும் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஐயர் மாவிலையும் தர்ப்பையும் எடுத்து வைத்தார். மாமன்கள் புதுத் துண்டுகளோடு நின்றார்கள். மகன் உட்கார வேண்டிய பலகை மட்டும் காலியாக இருந்தது.

"அவன் உக்காரட்டும்" என்றார் ஜெகதீசன். "தண்ணி கொண்டாந்தவன் அவன்தான்."

"எதுக்கு? அண்ணன் உக்காரட்டும்" என்றான் இனியவன். "நெலம் அவன் கையில, அதனால சாவே இல்லன்னு எழுதித் தொங்குதே. நான் யாரு, காசு அனுப்பின ஆளு. எனக்கு ஃபிளைட்டுக்கு நேரமாவுது."

"பாத்தியா மாமா, எப்படிக் குத்துறான்னு!"

"யாரு குத்துறது? அப்பா வாயால உன்னச் சொல்லியிருக்காரு. எனக்கு எதுனா சொன்னாரா?"

"உனக்குச் சொன்னதத்தான ஊரே படிக்குது!"

மாமன் இருவர் கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. ஐயர் நேரத்தைப் பார்த்தார். ஜகபருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது: நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை. தன்னுடையது போலி என்று தெரிந்த இரண்டு பேர், அடுத்தவனுடையது அசல் என்று நம்பிக்கொண்டு செத்தவரோடு கோபித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோமாளி ஒட்டவைத்த பொருள் அந்த இடத்தில் ஒட்டாது.

ஜெகதீசனை ஓரமாக இழுத்துப் போய்க் காதோடு சொன்னார். "தம்பி பேனரும் நான் எழுதினதுதாங்க."

ஜெகதீசன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னத் தேத்துறதுக்குச் சொல்றீங்க பாய். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அது அப்பா குரலு. படிக்கும்போதே காதுல கேக்குது."

பொய்யை மெய் என்று விற்றுப் பழகிய மனிதருக்கு, மெய்யை மெய் என்று விற்கத் தெரியவில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஜெகதீசன் தட்டிக்கொடுத்தார். வேறு வழியில்லாமல் ஏரிக்கரை நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"ரெண்டும் என் கடையில அடிச்சதுங்க. ரெண்டும் நான் சொன்னது. தாண்டவராயன் ஐயா ரெண்டையும் சொல்லல."

கூட்டம் சலசலத்தது. "ஃபிளைட்ட விட வெக்கறதுக்கு எல்லாரும் சேந்து டிராமா போடாதீங்க" என்றான் இனியவன். அவனுக்குத் தன்னுடையது எங்கே வாங்கியது என்று தெரியும்; அண்ணனுடையது அப்படி இருக்க முடியாது என்று அடித்துப் பேசினான். ஜகபர் ஷமீமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஷமீமு, திருவாமாத்தூர் பக்கத்துப் பெரியவரு. அந்த வாசகம்..."

"சொல்லிட்டீங்களா?" போனில் அவள் குரல் பெரிதாக வந்தது. "அவங்க பசங்களா அங்க கீறாங்க? அண்ணே, ரெண்டும் இவரு கண்ண மூடிக்கினு சொன்னது, நான் அடிச்சது. பெரியவருக்குச் சொன்னதுக்கு மறுநாளு சின்னவருக்கு. சின்னவருக்கு மொதல்ல போர்வெல்லுன்னுதான் சொன்னாரு. நான்தான் நல்லா இல்லன்னு கிணறுன்னு மாத்தினேன். தப்புதாண்ணே, நானும் கூட இருந்தேன்."

ஜெகதீசன் மெல்ல நிமிர்ந்தார். "நம்ம நெலத்துல கிணறு தூர்ந்து எவ்ளோ வருஷம் ஆவுது. அப்பா போருன்னுதான் சொல்லுவாரு. கிணறுன்னு சொல்லவே மாட்டாரு." தம்பியைப் பார்த்தார். "இத நான் எப்படி விட்டேன்?"

"அப்ப உன்துமா கடையில வாங்கினது?"

"பின்ன? நானு வாயத் தொறந்து கேட்டு, முன்னூத்தம்பது குடுத்து வாங்கினேன்டா."

"முன்னூத்தம்பதா?" இனியவன் திரும்பினான். "யோவ் பாய், என்னாண்ட எட்நூறு வாங்கின?"

"அர்ஜென்ட்டுன்னு..." என்று இழுத்தார் ஜகபர்.

யாரோ சிரித்தார்கள். மாமன் சிரித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது அவர்களுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. ஜகபர் சட்டைப்பையில் கைவிட்டு நோட்டுகளை எடுத்தார். ஜெகதீசன் அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"காசு கெடக்குது பாய். இவ்ளோ நேரமும் எங்க ரெண்டு பேருல ஒருத்தனாண்டயாவது அப்பா மனசு வுட்டுப் பேசியிருக்காருன்னு ரெண்டு பேருக்கும் நம்பிக்க இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

இனியவன் செருப்பைக் கழற்றினான். அண்ணனைத் தோளில் தொட்டு உட்காரவைத்து, பலகை போதாமல் பக்கத்தில் மண்ணிலேயே சம்மணம் போட்டான். ஐயர் தர்ப்பையை நீட்டினார். காரியம் நடந்தது. கூட்டத்தில் வளவனூர்க்காரர் ஒருவர் ஜகபரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாத்தியார் சொன்னதும் இப்படித்தானா என்று கேட்கப்போகிறார் எனத் தெரிந்தது. அவர் கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஜகபருக்கு.

அவர் மட்டும் தெருவுக்குத் திரும்பி வந்து, ஏணியைச் சாத்தி, இரண்டு பேனரையும் இறக்கினார். இரண்டாவதைச் சுருட்டும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. தாண்டவராயனின் மனைவி சின்னபொண்ணு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டுப் புடவை மடிப்பு பிரிக்காமல் மடியில் கிடந்தது.

"செத்த நில்லுப்பா. அதுல இன்னா எழுதியிருக்குது, இன்னொரு தபா படி."

"அது வேணாம்மா. அது பொய்யிம்மா. ஏரிக்கரையில சொல்லிட்டேன்."

"சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். அவரு அவ்ளோ நீளத்துக்கு என்னிக்குப் பேசினாரு?"

"அப்ப நீங்களாவது பசங்களாண்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு பேரும் மொத நாளு படிக்கும்போது மூஞ்சியப் பாத்தேன். வாய் வரல." அவள் புடவையைத் தடவினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. போற வரவங்களப் பிடிச்சு, தெனம் ரெண்டையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பெரியவன் வரான், சின்னவன் வரான், நெலம் வருது, தண்ணி வருது. நான் எதுலயும் வரல."

ஜகபர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார்.

"உங்களாண்ட கடைசியா இன்னாம்மா சொன்னாரு?"

"யாரு கண்டா? கேப்பைக் கூழு கரைக்க உள்ள போனேன். வந்து பாத்தா முடிஞ்சிருந்துச்சு." அவள் நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீதான் நல்லா சொல்றியாமே. எனக்கு ஒண்ணு சொல்லு. பொய்தான், தெரியும். பரவால்ல. சொல்லு."

வரிகள் வந்தன. வராமல் என்ன? அடுப்பைப் பற்றி ஒன்று, நிழலைப் பற்றி ஒன்று, கூழைப் பற்றியே ஒன்று. ஒவ்வொன்றும் கேட்டவர் கண் கலங்குகிற மாதிரி, வரிசையில் வந்து நாக்கு நுனியில் நின்றன. எதை எடுத்தாலும் அவளுக்குச் சரியாக இருந்திருக்கும். அவள் காத்திருந்தாள். ஜகபர் குனிந்து, விழுந்த கயிற்றை எடுத்துச் சுற்றினார்.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"சொல்லு. நான் எங்க போறேன், இங்கதான் கெடப்பேன்."

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுருட்டிய பேனர்களைக் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, ஜகபர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெரியவனுக்கு ஒன்று கொடுத்தது, திரும்ப எடுத்தாயிற்று. சின்னவனுக்கு ஒன்று கொடுத்தது, அதுவும் திரும்ப எடுத்தாயிற்று. கூத்துக்காரன் சும்மா கொடுத்த பொருள் ஒன்று, இவர் வாயால் வீண். சின்னபொண்ணுக்கு ஒன்று, பாக்கி.